தென்கொரிய கோல்ப் வீராங்கனை சே ரி பாக்: வெற்றியும் அதற்கு அவர் கொடுத்த விலையும்

அந்நிய மண்ணில் ஒரு விளையாட்டு வீரர் வெற்றி பெறும்போது அவ்வெற்றிக்கு உரிமை கோருவோர் பலர். தாய்நாடு அதனைத் தனது கொடியின் வெற்றியெனக் கொண்டாடுகின்றது. அனுசரணை வழங்கிய நிறுவனம் தனது பெயருக்குக் கிடைத்த விளம்பரமெனக் கணக்கிடுகின்றது. பெற்றோர் தமது வளர்ப்பின் பயனெனப் பெருமை கொள்கின்றனர். வெற்றி பெற்றவர் இளம் பெண்ணாக இருந்துவிட்டால் இந்த உரிமைக் கோரிக்கைகள் மேலும் இறுக்கமடைந்து விடுகின்றன. இவ்வாறு எல்லோரும் தத்தமது பங்கைப் பெற்றுக்கொண்ட பின்னர் அப்பெண்ணுக்கென எஞ்சுவது என்ன என்ற கேள்வியை எவரும் எழுப்புவதில்லை.

தென்கொரியாவின் சே ரி பாக் இக்கேள்விக்கு விளக்கமாக அமையக்கூடிய ஒரு வாழ்க்கைக்குச் சொந்தக்காரர். 1998 இல் தமது இருபதாவது வயதில் அமெரிக்காவின் தொழில்முறைக் களத்தில் நுழைந்து, ஒரே ஆண்டில் பெண்கள் கோல்ப் உலகின் கவனத்தைத் தன்பால் ஈர்த்தவர் அவர். 2016 இல் ஓய்வு பெற்றபோது, அவர் தனியாக நுழைந்த அந்தக் களத்தில் அவரது நாட்டுப் பெண்கள் பெரும் அணியாக நிலைபெற்றிருந்தனர். பாக் என்பது கொரியாவில் மிகவும் பரவலாக வழங்கும் குடும்பப் பெயர். இக்கட்டுரையில் அதே பெயர் கொண்ட இன்னொரு வீராங்கனையும் இடம்பெறுவதால் இவரை நாம் சே ரி என்றே குறிப்பிடுகின்றோம்.

கோல்ப் விளையாட்டு வாசகர்களிற் பலருக்கு அந்நியமானதாகவே இருக்கும். நுவரெலியாவிலும் கொழும்பிலும் ஆங்கிலேயர் காலத்தில் உருவான கோல்ப் மைதானங்களை வேலிக்கு வெளியே நின்று பார்த்தவர்களே நம்மில் அதிகம். ஆகவே, ஆட்டத்தின் அடிப்படையைச் சுருக்கமாகக் கூறுவது அவசியமாகின்றது. ஒரு மைதானத்தில் 18 குழிகள் உண்டு. சிறு பந்தினை மட்டையால் அடித்து, ஒவ்வொரு குழியினுள்ளும் மிகக் குறைந்த அடிகளில் விழச் செய்யவேண்டும். 18 குழிகளுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72 அடிகள் என்பது மைதானத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட அளவு. பெரிய போட்டிகள் நான்கு நாட்கள் நடைபெறும். இரண்டு நாள் ஆட்டத்தின் முடிவில் பின்தங்கியோர், ஏறத்தாழப் பாதிப் பேர், நீக்கப்படுவர். நீக்கப்படுவோருக்குப் பரிசுப்பணம் பொதுவாகக் கிடைப்பதில்லை.

இங்குதான் தொழில்முறை கோல்பின் கடுமை வெளிப்படுகின்றது. கிரிக்கெட் வீரருக்குக் கிரிக்கெட் சபை சம்பளம் வழங்குகின்றது. உதைபந்தாட்ட வீரருக்குக் கழகம் வழங்குகின்றது. கோல்ப் வீராங்கனைக்கு மாதச் சம்பளம் வழங்குவோர் எவருமில்லை. விமானச் சீட்டு, விடுதி வாடகை, பயிற்றுவிப்பாளருக்கான கட்டணம், மட்டைப்பையைச் சுமந்து ஆலோசனை கூறும் உதவியாளருக்கான ஊதியம் யாவும் அவருடைய பொறுப்பே. வாரந்தோறும் ஊர் மாறி விளையாடியும் வெறுங்கையுடன் திரும்புவோர் ஏராளம். ஆகவேதான் வசதி படைத்த குடும்பமோ, நிறுவனமொன்றின் அனுசரணையோ இன்றி இத்துறையில் வெளிநாடு செல்வது கடினமாகின்றது. அவ்வாறு கிடைக்கும் உதவியே பின்னர் ஒரு கடனாகவும் மாறுகின்றது.

பெண்களுக்கான தொழில்முறைக் களங்களுள் முதன்மையானது அமெரிக்காவின் எல்.பி.ஜி.ஏ. எனப்படும் பெண்கள் தொழில்முறை கோல்ப் சங்கமாகும். 1950 இல் 13 பெண்கள் கூடி அமைத்த சங்கம் அது. ஆண்களின் போட்டிகளுக்குக் கிடைத்த பணமும் விளம்பரமும் அவர்களுக்கு ஒருபோதும் கிடைக்கவில்லை. எனினும் உலகில் எப்பகுதியிலிருந்தும் வந்து திறமையை நிரூபிக்கக்கூடிய களமாக அது வளர்ந்தது.

தந்தையின் பயிற்சி

1977 செப்டெம்பர் 28 ஆம் திகதி பிறந்த சே ரி வளர்ந்தது டேஜொன் நகரிலாகும். பாடசாலை நாட்களில் மெய்வல்லுநர் போட்டிகளில் ஈடுபட்டிருந்த மகளைக் கோல்பின் பக்கம் திருப்பியவர் அவருடைய தந்தை. அவரே முதற் பயிற்றுவிப்பாளருமானார். அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் அதிகாலையில் ஏறி இறங்கச் செய்தமை, அச்சம் நீங்குவதற்காக மகளை இரவில் மயானத்துக்கு அழைத்துச் சென்றமை போன்ற கதைகள் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டன. இவற்றுள் எவ்வளவு உண்மை, எவ்வளவு மிகை என்பது வேறு விடயம். 1998 இல் அக்கதைகள் கண்டிக்கப்படாமல் முன்மாதிரியான வளர்ப்பின் சான்றாகவே போற்றப்பட்டன என்பதே இங்கு கவனத்திற் கொள்ளத்தக்கது. கொரியப் பெற்றோர் பலர் பின்னர் அதே வழியைத் தமது பெண்பிள்ளைகளிடத்தும் கையாண்டனர்.

1996 இல் தொழில்முறை வீராங்கனையான சே ரியைச் சாம்சங் நிறுவனம் பொறுப்பேற்றது. அந்நிறுவனம் அவரை அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள ஒர்லாண்டோ நகருக்கு அனுப்பி, உலகப் புகழ்பெற்ற பயிற்றுவிப்பாளர் டேவிட் லெட்பெட்டரிடம் பயிற்சி பெறச் செய்தது. மொழி தெரியாத நாட்டில் அந்த இளம் பெண்ணின் நாட்கள் பயிற்சி மைதானத்திலேயே கழிந்தன. 1997 இறுதியில் நடைபெற்ற எல்.பி.ஜி.ஏ. தகுதிகாண் போட்டியில் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டு அடுத்த ஆண்டுக்கான நுழைவுரிமையைப் பெற்றார். 1998 இல் அக்களத்தில் விளையாடிய ஒரேயொரு கொரியர் அவரே.

எனினும் அங்கு வெற்றி பெற்ற முதற் கொரியர் அவரல்லர் என்பதையும் கூறியாக வேண்டும். 1988 இலேயே கு ஒக் ஹீ என்ற வீராங்கனை எல்.பி.ஜி.ஏ. போட்டியொன்றில் வென்றிருந்தார். சியோல் ஒலிம்பிக் நடைபெற்ற அவ்வாண்டில், செல்வந்தரின் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட ஓர் ஆட்டத்தில் கிடைத்த அவ்வெற்றி நாட்டில் பெரிதாகப் பேசப்படவில்லை. பத்தாண்டுகளின் பின்னர் நிலைமை முற்றாக மாறியிருந்தது. அம்மாற்றத்துக்குக் காரணம் கோல்ப் விளையாட்டன்று, பொருளாதார வீழ்ச்சியாகும்.

நெருக்கடியில் ஒரு நாடு

1997 நவம்பரில் தென்கொரியா அந்நியச் செலாவணி இன்றித் தவித்து, சர்வதேச நாணய நிதியத்திடம் கையேந்தியது. பெரும் நிறுவனங்கள் சரிந்தன. ஆயுட்காலத் தொழில் என நம்பியிருந்தோர் வீதிக்கு வந்தனர். 1998 இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 35 இலட்சம் மக்கள் திருமண மோதிரங்களையும் குழந்தைகளின் நகைகளையும் நாட்டின் கடனை அடைப்பதற்காக வழங்கினர். அவ்வாறு திரட்டப்பட்ட தங்கத்தின் அளவு சுமார் 227 தொன் ஆகும். அக்காலப்பகுதியைக் கொரிய மக்கள் இன்றும் நாணய நிதியத்தின் பெயராலேயே குறிப்பிடுகின்றனர். 2022 இல் வரிசைகளில் காத்து நின்ற நமது வாசகர்களுக்கு அந்த அவமானத்தின் கனம் விளங்காததல்ல.

இச்சூழ்நிலையிலேயே 1998 மே மாதம் எல்.பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப் போட்டியில் சே ரி வென்றார். பெண்கள் கோல்பின் மிகப் பெரிய போட்டிகளுள் ஒன்று அது. அக்களத்தில் அவருடைய முதல் வெற்றியும் அதுவே. முதல் நாளிலிருந்து இறுதிநாள் வரை எவரும் அவரை முந்தவில்லை.

ஜூலை மாதத் தொடக்கத்தில் விஸ்கொன்சின் மாநிலத்தின் கோலர் நகரிலுள்ள பிளாக்வூல்ப் ரன் மைதானத்தில் அமெரிக்கப் பெண்கள் பகிரங்கப் போட்டி நடைபெற்றது. நான்கு நாட்களின் முடிவில் இருவர் சமநிலையில் நின்றனர். ஒருவர் சே ரி. மற்றவர் தாய்லாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகளான ஜெனி சுவாசிரிபோர்ன். பல்கலைக்கழக மாணவியான அவர் பணத்துக்கு விளையாடாத வீராங்கனை. அவருக்கும் வயது இருபதே. அமெரிக்காவின் தேசியப் பட்டத்துக்காக ஆசியப் பின்னணி கொண்ட இரு இளம் பெண்கள் மோதினர்.

அக்கால விதிப்படி ஜூலை 6 ஆம் திகதி திங்கட்கிழமை மேலும் 18 குழிகள் ஆடவேண்டியிருந்தது. பதினெட்டாவது குழியில் சே ரி அடித்த பந்து இடப்புறம் சென்று குளக்கரையின் சரிவில் புல்லினுள் தங்கிவிட்டது. ஓர் அடியைத் தண்டமாக ஏற்றுப் பந்தை வேறிடத்தில் வைத்து ஆடியிருக்கலாம். அவரோ சப்பாத்துகளையும் காலுறைகளையும் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். வெயிலில் கறுத்திருந்த கால்களின் கீழே, காலுறை மறைத்திருந்த பாதங்கள் மட்டும் வெண்மையாகத் தெரிந்தன. அந்த நிற வேறுபாடு அவர் எத்தனை மணிநேரம் வெயிலில் நின்று பயின்றார் என்பதைச் சொல்லாமற் சொல்லியது. நீரில் நின்றபடி அடித்த பந்து கரையேறியது. 18 குழிகளின் முடிவில் இருவரும் 73 அடிகள் என மீண்டும் சமநிலை. மேலதிகமாக ஆடிய இரண்டாவது குழியில் சே ரி வென்றார். ஐந்து நாட்களில் அவர் ஆடிய 92 ஆவது குழி அது. அப்போதைக்கு அப்போட்டியின் வரலாற்றில் மிக இளவயதுச் சம்பியன் அவரே.

கொரியாவில் அது செவ்வாய்க்கிழமை அதிகாலை. உறக்கமின்றித் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த மக்கள், தண்ணீரில் நின்ற அந்தப் பெண்ணிடத்தில் தமது நாட்டின் நிலையையே கண்டனர். வெறுங்காலுடன் அவர் பந்தடிக்கும் காட்சி, மக்களுக்கு நம்பிக்கையூட்டும் அரச விளம்பரமாக நன்கறிந்த பாடலொன்றுடன் இணைக்கப்பட்டுத் தொலைக்காட்சிகளில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பப்பட்டது. அடுத்த வாரமே ஒஹையோ மாநிலத்தில் நடைபெற்ற போட்டியில் ஒரே நாளில் 61 அடிகளில் ஆடிச் சாதனை படைத்து, ஒன்பது அடிகள் வித்தியாசத்தில் வென்றார். அந்த ஆண்டில் மொத்தம் நான்கு பட்டங்கள். சிறந்த புதுமுக வீராங்கனைக்கான விருதும் அவருக்கே கிடைத்தது.

அன்று தோற்ற ஜெனி பின்னர் தொழில்முறை கோல்பில் நிலைபெற முடியாமல் விலகி, தாதியர் பணியைத் தேர்ந்துகொண்டார். வென்றவருக்கு விலகும் சுதந்திரம் இருக்கவில்லை.

அவ்வாண்டின் இறுதிப்பகுதியில் தாய்நாடு திரும்பிய சே ரிக்கு அளிக்கப்பட்ட வரவேற்பு அரச விருந்தினருக்கு உரியதாக இருந்தது. ஊர்வலங்கள், விருந்துகள், விளம்பர நிகழ்ச்சிகள், பேட்டிகள் எனச் சில நாட்கள் ஓய்வின்றி அலைக்கழிக்கப்பட்ட அவர் இறுதியில் களைப்புற்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். அங்கும் புகைப்படக் கருவிகள் அவரைப் பின்தொடர்ந்தன. நோயாளியின் கட்டிலைச் சூழ்ந்து நின்றவர்களுள் எவருக்கும் தாம் செய்வது தவறெனத் தோன்றவில்லை. நாட்டைத் தேற்றும் பணி இருபத்தொரு வயதுப் பெண்ணொருவரின் தோளில் ஏற்றப்பட்டிருந்தது; அவருடைய சம்மதம் கேட்கப்படவில்லை.

உச்சியும் சரிவும்

அடுத்த ஆண்டுகளில் அவருடைய ஆட்டம் தளரவில்லை. 2001 இல் இங்கிலாந்தின் சன்னிங்டேல் மைதானத்தில் பிரித்தானிய பெண்கள் பகிரங்கப் போட்டியிலும், 2002 இல் மீண்டும் எல்.பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப்பிலும் வென்றார். சுவீடனின் அனிகா சோரன்ஸ்டாம், அவுஸ்திரேலியாவின் கரீ வெப் ஆகியோருடன் அவர் நடத்திய போட்டி அக்காலப் பெண்கள் கோல்பின் மைய நிகழ்வாக விளங்கியது. சோரன்ஸ்டாமின் ஆதிக்கம் காரணமாக ஆண்டின் சிறந்த வீராங்கனை என்ற விருது மட்டும் சே ரிக்கு ஒருபோதும் கிட்டவில்லை.

எல்.பி.ஜி.ஏ. புகழ் மண்டபத்தில் இடம்பெறும் முறை கடுமையானது. அங்கு வாக்கெடுப்பு இல்லை, புள்ளிகளே தீர்மானிக்கும். சாதாரண வெற்றிக்கு ஒன்று, பெரும் போட்டி வெற்றிக்கு இரண்டு, ஆண்டின் முக்கிய விருதுகளுக்கு ஒவ்வொன்று என 27 புள்ளிகள் சேர வேண்டும். 2004 மே மாதம், தமது 26 ஆவது வயதில், சே ரி அந்த எண்ணிக்கையை எட்டினார். ஆனால் பத்து ஆண்டுகள் விளையாடியிருக்க வேண்டுமென்ற விதி அப்போது நடைமுறையில் இருந்ததால் 2007 வரை காத்திருக்க நேர்ந்தது.

அந்த இடைவெளியில் நிகழ்ந்தது அவருடைய வாழ்வின் முக்கியமான அத்தியாயம். இலக்கை எட்டிய சில மாதங்களிலேயே அவருடைய ஆட்டம் குலைந்தது. 2005 இல் காயமும் சேர்ந்துகொள்ள, பருவத்தை முடிக்க முடியாமல் ஒதுங்கினார். கோல்பைத் தவிர வேறொன்றையும் தாம் கற்றிருக்கவில்லை, ஓய்வெடுப்பது எப்படி என்பதுகூடத் தமக்குத் தெரிந்திருக்கவில்லை என்ற கருத்தைப் பின்னாளில் அவர் வெளிப்படுத்தியுள்ளார். படிகளில் ஏறவும் மயானத்தில் நிற்கவும் கற்பித்த பயிற்சி, நிற்பதற்கும் மூச்சு விடுவதற்கும் கற்பிக்கவில்லை.

2006 ஜூனில் மேரிலாந்து மாநிலத்தில் அதே எல்.பி.ஜி.ஏ. சம்பியன்ஷிப்பில் கரீ வெப்புடன் சமநிலையில் நின்ற சே ரி, மேலதிகமாக ஆடிய முதற் குழியில் பந்தைத் தொலைவிலிருந்து அடித்துக் குழியின் அருகே சில அங்குல தூரத்தில் நிறுத்தி வென்றார். ஐந்தாவது பெரும் பட்டம் அது. 2007 இல் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற முதற் கொரியரானார். 2010 இல் பெற்ற வெற்றியே அவருடைய 25 ஆவதும் இறுதியுமான எல்.பி.ஜி.ஏ. பட்டமாகும். அக்களத்தில் அவர் ஈட்டிய பரிசுத்தொகை 1 கோடி 25 இலட்சம் டொலரையும் தாண்டியது.

பின்தொடர்ந்த பெண்கள்

சே ரியின் சாதனையை அளக்க இந்த எண்ணிக்கைகள் போதா. 1998 ஜூலையில் பெற்றோருடன் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த சிறுமிகள் பலர் அடுத்த நாட்களில் மட்டையைக் கையிலெடுத்தனர். அத்தலைமுறைக்குக் கொரியாவில் சே ரியின் பிள்ளைகள் என்ற பெயரே நிலைத்துவிட்டது. அப்போது பத்து வயதை எட்டவிருந்த இன்பீ பாக் என்ற சிறுமி 2008 இல் அதே அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை 19 வயதில் வென்று சே ரியின் இளவயதுச் சாதனையை முறியடித்தார். 2008 முதல் 2020 வரை நடைபெற்ற அப்போட்டிகள் பதின்மூன்றில் ஒன்பதைக் கொரியப் பெண்களே வென்றனர். 2012 இல் போட்டி மீண்டும் பிளாக்வூல்ப் ரன் மைதானத்துக்கு வந்தபோது வென்றவர் சோய் நா யோன் என்ற கொரியர். தமது வழியில் வந்த அவரை இறுதிக் குழியின் அருகே காத்திருந்து வாழ்த்தியவர் சே ரியே.

2016 இல் ரியோ ஒலிம்பிக்கில் 112 ஆண்டுகளின் பின்னர் கோல்ப் மீண்டும் இடம்பெற்றது. பெண்களுக்கு அது 1900 இற்குப் பிந்திய முதல் வாய்ப்பு. தென்கொரியப் பெண்கள் அணியின் பயிற்றுவிப்பாளராகச் சென்றவர் சே ரி. இன்பீ பாக் தங்கப் பதக்கம் வென்றார். அதே ஆண்டு ஒக்டோபரில் தாய்நாட்டில் நடைபெற்ற போட்டியுடன் சே ரி ஓய்வு பெற்றார்.

இப்பெருக்கம் எதிர்ப்பின்றி நிகழவில்லை. 2008 இல் எல்.பி.ஜி.ஏ. களத்தில் 26 நாடுகளைச் சேர்ந்த 121 வெளிநாட்டு வீராங்கனைகள் இருந்தனர். அவர்களுள் 45 பேர் தென்கொரியர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் சங்க நிர்வாகம் கொரிய வீராங்கனைகளை அழைத்து ஒரு புதிய விதியை அறிவித்தது. ஈராண்டுகள் அங்கத்துவம் பெற்றவர்கள் ஆங்கிலத்தில் பேசும் திறனை வாய்மொழிப் பரீட்சையில் நிரூபிக்க வேண்டும். 2009 இறுதியின் பின்னர் தவறுவோரின் அங்கத்துவம் இடைநிறுத்தப்படும் என்பதே அவ்விதி. அனுசரணையாளரின் விருந்தினர்களுடன் உரையாடவும், வெற்றி உரை நிகழ்த்தவும், பேட்டியளிக்கவும் ஆங்கிலம் அவசியமென்பது நிர்வாகம் கூறிய நியாயம்.

இந்த நியாயத்தை முற்றாகப் புறந்தள்ள முடியாது. பார்வையாளரையும் அனுசரணையாளரையும் நம்பியே சங்கம் இயங்கியது. தொடக்கத்தில் மொழி தெரியாமல் சிரமப்பட்டு, பின்னர் ஆங்கிலம் பயின்ற சே ரியும் மொழியைக் கற்பது நல்லதென்றே கூறினார். ஆனால் இடைநிறுத்தத்தை அவர் ஏற்கவில்லை. அபராதம் விதிப்பதே பொருத்தமென்றார். பிரச்சினையின் மையம் இதுவேயாகும். ஒரு மொழியைக் கற்குமாறு ஊக்குவிப்பது வேறு. அம்மொழி தெரியாதென்பதற்காக ஒருவரின் தொழிலைப் பறிப்பது வேறு. பந்து குழியில் விழுவதற்கு மொழி தேவையில்லை. மேலும், போட்டிகளை ஒளிபரப்பும் உரிமத்துக்காகத் தென்கொரியத் தொலைக்காட்சி வழங்கிய பணம் அச்சங்கத்தின் முக்கிய வருமானங்களுள் ஒன்றாகவும் இருந்தது. கொரியரின் பணத்துக்கு மொழிப் பரீட்சை வைக்கப்படவில்லை.

அமெரிக்கப் பத்திரிகைகளும், கலிபோர்னியச் சட்டமன்ற உறுப்பினர்களும், அனுசரணை நிறுவனங்களும் கண்டனம் தெரிவித்தமையால் செப்டெம்பர் முதல் வாரத்திலேயே இடைநிறுத்தத் தண்டனை கைவிடப்பட்டது. மொழியின் பெயரால் தொழில் மறுக்கப்படுவதன் பொருளை நமது வாசகர்களுக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. இரு வார காலத்தில் அத்தகைய விதியொன்றைத் திரும்பப் பெற முடிந்ததென்பதே நாம் இங்கு பதிவுசெய்ய விரும்பும் செய்தி.

இன்று கொரியப் பெண்களின் ஆதிக்கம் முன்போல் இல்லை. 2015 இலும் 2017 இலும் 2019 இலும் ஆண்டுக்கு 15 எல்.பி.ஜி.ஏ. போட்டிகளை வென்ற அவர்கள் 2024 இல் மூன்றையே வென்றனர். இது வெறும் வீழ்ச்சியன்று. உள்நாட்டுப் போட்டிகளின் பரிசுத்தொகையும் அனுசரணையும் வளர்ந்துவிட்டமையால், குடும்பத்தைப் பிரிந்து அந்நிய நாட்டில் அலைய வேண்டிய கட்டாயம் பலருக்கு இல்லை. தாய்லாந்து, ஜப்பான் முதலிய நாடுகளின் பெண்களும் முன்னேறி வந்துள்ளனர். 1998 இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்ற சே ரிக்குக் கிடைத்தது 267,500 டொலர். 2024 இல் அதே பட்டத்துக்கு வழங்கப்பட்டது 24 இலட்சம் டொலர். இந்த வளர்ச்சிக்கு ஆசியாவிலிருந்து சென்ற பெண்களும் அவர்களைத் தொடர்ந்து சென்ற பார்வையாளரும் ஆற்றிய பங்கு சிறிதல்ல.

2024 இன் இரு நிகழ்வுகள்

2024 மார்ச் மாதம் கலிபோர்னியாவில், சே ரியின் பெயரைத் தாங்கிய எல்.பி.ஜி.ஏ. போட்டியொன்று நடைபெற்றது. ஒரு காலத்தில் தனியொரு கொரியராக நுழைந்தவர் போட்டியை முன்னின்று நடத்துபவராக அங்கு அமர்ந்திருந்தார்.

மூன்று மாதங்களின் பின்னர், ஜூன் 18 ஆம் திகதி, சியோலில் ஊடகவியலாளர் முன்னிலையில் அதே சே ரி கண்ணீர் விட்டார். அவருடைய பெயரிலான மன்றத்தின் முத்திரை போலியாகத் தயாரிக்கப்பட்டுப் பயன்படுத்தப்பட்டதெனக் குற்றஞ்சாட்டி, மன்றம் அவருடைய தந்தைக்கு எதிராகவே பொலிஸில் முறைப்பாடு செய்திருந்தது. தந்தையின் கடன்களைத் தாம் பல ஆண்டுகளாகச் செலுத்தி வந்ததாகவும், ஒன்று தீர்ந்தால் இன்னொன்று தோன்றியதாகவும், இனிமேல் அப்பொறுப்பை ஏற்கப் போவதில்லை என்றும் அவர் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 46. வெற்றியாண்டுக்குப் பின்னர் 26 ஆண்டுகள் கடந்திருந்தன.

முறைப்பாட்டின் சட்டப் பெறுமதியை ஆராய்வது நமது நோக்கமன்று. மகளின் வெற்றி தந்தையின் சொத்து என 1998 இல் நாடே ஏற்றுக்கொண்ட கருத்தின் மறுபக்கத்தை அந்த ஊடகச் சந்திப்பு காட்டியது என்பதே நமது கவனத்துக்குரியது. தியாகம் செய்து வளர்த்த பெற்றோருக்கு நன்றி செலுத்துவது ஆசியச் சமூகங்கள் யாவற்றிலும் உயர்ந்த அறமாகப் போற்றப்படுகின்றது. அந்த நன்றிக்கு ஓர் எல்லையும் உண்டு என்று சொல்வதற்கு, உலகப் புகழ்பெற்ற ஒரு பெண்ணுக்கே கால் நூற்றாண்டு தேவைப்பட்டது. புகழும் பணமும் இல்லாத பெண்களின் நிலையை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

நமது தமிழ், முஸ்லிம் சமூகங்களில் பெண்பிள்ளைகள் விளையாட்டுத் துறையில் முன்னேறுவதற்கான தடைகள் இன்னமும் பல. அவற்றையும் மீறி மகளைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் பாராட்டுக்குரியவர்களே. அவர்கள் சே ரியின் வாழ்க்கையிலிருந்து இரு பாடங்களையும் ஒருசேரப் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒரு பெண் திறந்த வாசலால் நூறு பெண்கள் நுழைய முடியும் என்பது முதலாவது. வாசலைத் திறப்பவளுக்கு ஓய்வும், தன் உழைப்பின் பயனைத் தானே தீர்மானிக்கும் உரிமையும் வேண்டும் என்பது இரண்டாவது. முதலாவதைக் கொரியா விரைவாகக் கற்றுக்கொண்டது. இரண்டாவதைக் கற்பதற்கு அந்நாடு 2024 வரை காத்திருக்க நேர்ந்தது.